தலைக்கட்டு (பொறுப்பு)

நடுத்துருத்திக்குச் சூரியன் சொந்தமாகி இரண்டாண்டுகள் ஆகின்றன. முக்கூடலுக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே தாமிரபரணி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடத்தில் கிடக்கிறது அந்தச் சிற்றூர். மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்கிவிட்டால் அது தீவு. ஒவ்வொரு வெள்ளத்திலும் மின்கம்பங்கள் ஆற்றோடு போவதைப் பார்த்துச் சலித்த ஊரார் சங்கம் ஒன்றை அமைத்து, சோலார் தகடுகளும் பெரிய பேட்டரிகளும் வாங்கி நிறுத்தினர். ‘நம் மின்சாரம், நாமே முதலாளி’ என்று சங்கக் கட்டடத்தின் முகப்பில் பலகையும் மாட்டினர்.

அந்தப் பலகையின் கீழேதான் சுடலைவடிவு மாவுத் தூக்குகளுடன் நாள்தோறும் நடந்துபோவாள். ஊரிலும் அக்கரைக் கடைகளிலும் இட்லி வேகிறதென்றால் அது அவளுடைய கிரைண்டரில் அரைத்த மாவாகத்தான் இருக்கும். ஆயினும் பலகையில் கண்ட ‘நாம்’ என்பதில் அவள் சேர்த்தியில்லை. அவள் தலைக்கட்டு அல்லள்.

தலைக்கட்டு என்றால் திருமணமான ஆண்மகன். கோயில் கொடை விழாவுக்கு வரி கொடுப்பவன் அவன். பள்ளிவாசலுக்குச் சந்தா கொடுப்பவனும் அவனே. ஒலிபெருக்கி, ஆற்றுத்துறை, மாடு மேயும் இடம் என எதிலும் உடன்படாத கோயில் கமிட்டியும் ஜமாஅத்தும், சங்கத்தில் பங்கு தலைக்கட்டுக்கே உரியது என்பதில் மட்டும் மனமொத்து நின்றன. அத்தகைய ஒற்றுமையை ஊர் அதற்கு முன்பு கண்டதில்லை, பின்பும் காணவில்லை.

கருவிகளைப் பொருத்த வந்த பொறியாளர் பிரியதர்ஷினி பொறுமையாக விளக்கினாள். மின்சாரம் குறையும்போது இயந்திரமே ஒவ்வொரு வீட்டின் கைப்பேசிக்கும் கேள்வி அனுப்பும். ‘சம்மதம்’ என்று அழுத்தினால் அந்த வீட்டின் பெரிய கருவிகள் சற்று நேரம் நின்றுவிடும். சம்மதித்தவருக்குப் புள்ளிகள் சேரும். அவற்றைக் கொண்டு கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்துகொள்ளலாம். ‘மறுப்பு’ என்று அழுத்தினால் கேள்வி அடுத்த வீட்டுக்குப் போகும். ஆகவே, வீட்டுக்கு ஓர் எண் வேண்டும்.

சங்கத் தலைவர் நூர்முகம்மது தலைக்கட்டுகளின் எண்களை வாசித்தார். பாதி எண்கள் அயல்நாட்டு எண்களாக இருந்தன.

“இவங்கல்லாம் வீட்டுல இருக்கவங்களா சார்?” என்று பிரியதர்ஷினி ஐயத்துடன் கேட்டாள்.

“வீட்டுக்குச் சொந்தக்காரவுகம்மா” என்றார் தலைவர். அதற்குமேல் கேட்பது மரியாதையன்று என்று அவளும் விட்டுவிட்டாள்.

இவ்வாறாக, உலகிலேயே மிகப் புத்திசாலியான மின்கட்டமைப்பு நடுத்துருத்தியில் இயங்கத் தொடங்கியது. சவூதியின் தம்மாமில் ஒருவர் சாப்பாட்டு வேளையில் ‘சம்மதம்’ அழுத்தினால் இங்கே குளிர்சாதனப் பெட்டியில் பால் திரிந்தது. திருப்பூரில் ஒருவர் அழுத்தினால் மிக்சியில் தேங்காய் பாதியில் நின்றது. கணவன்மார் வீட்டை மறக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று என்று சில பெண்கள் ஆறுதல் கொண்டனர்.

சுடலைவடிவுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவளுடைய தலைக்கட்டாகிய கண்ணன், கருப்பட்டி வாங்கி வருவதாகச் சொல்லித் திசையன்விளைக்குப் போனவன். கருப்பட்டி நல்லதாக அமையவில்லை போலும், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். இடையில் அங்கேயே ஒரு குடும்பமும் அமைந்துவிட்டது. ஆனால், ஊர்க்கணக்கில் அவன் தலைக்கட்டாகவே இருந்தான். கொடைவரியை ஆண்டு தவறாமல் அவள் கட்டினாள். ரசீது அவன் பெயரில் வந்தது. இப்போது கேள்வியும் அவனுக்குப் போயிற்று. ஓசியில் ரீசார்ஜ் கிடைப்பதைக் கண்டுகொண்ட நாள்முதல் அவன் எந்தக் கேள்விக்கும் மறுப்புச் சொன்னதில்லை. கிரைண்டர் அடிக்கடி பாதியில் நின்றது. அக்கரைக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறிடம் பார்த்துக்கொண்டனர்.

எஞ்சியிருந்த நம்பிக்கை, தலைவர் வீட்டுத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் முதல்நாளே வந்து தங்குவதால், மறுநாள் காலை அவர்கள் பசியாற இட்லிக்கு மாவு வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகக் கொடுத்தால் போன வாடிக்கை திரும்பும். தவறினால் கிரைண்டரைத் துணிபோட்டு மூடிவைக்க வேண்டியதுதான். அரிசியையும் உளுந்தையும் அவள் இதுவரை ஊறப்போடாத அளவில் ஊறப்போட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தரைப்பாலம் மூழ்கியது. வானம் இருண்டு தகடுகள் ஓய்ந்தன. பேட்டரியில் இருந்ததையோ தலைவர் வீட்டு வாசலின் அலங்கார விளக்கு வளைவு குடித்துக்கொண்டிருந்தது. சம்பந்திகள் முன்னிலையில் அது பட்டப்பகலிலும் பச்சையும் நீலமுமாக ஓடிக்கொண்டிருந்தது.

உளுந்து பொங்கி வருகிற நேரத்தில் கிரைண்டர் நின்றது. சுடலைவடிவு கையைக் கழுவிக்கொண்டு நேரே திருமண வீட்டுக்குப் போனாள்.

“அண்ணாச்சி, மாவு வராது.”

நூர்முகம்மது திடுக்கிட்டார். “என்னம்மா வடிவு, விளையாடுதியா? சம்பந்தி வீடு முழுக்க வந்து உக்காந்திருக்கு. பாலமும் மூடியாச்சு, இனி எங்கன போய் வாங்க?”

“அரிசி எங்கிட்ட இருக்கு, உளுந்து எங்கிட்ட இருக்கு. கரண்டு மட்டும் திசையன்விளையில இருக்கு. நீங்கதான் அங்கன கொண்டுபோய் வச்சிய.”

சங்கத்தின் எழுத்தர் அனஸ் அருகில் நின்று தரையைப் பார்த்துச் சிரித்தான். தலைவர் வேறு வழியின்றிக் கண்ணனைக் கைப்பேசியில் அழைத்தார். ஓடிப்போனவனிடம் சங்கத் தலைவர் பேசும் குரலில் அத்தனை குழைவு இருக்கும் என்று சுடலைவடிவு எதிர்பார்த்திருக்கவில்லை.

“கண்ணா, நல்லா இருக்கியாலே? ஒண்ணுமில்ல, கேள்வி வந்தா இன்னிக்கு ஒருநாள் மறுப்புனு அமுக்கிருப்பா.”

“அமுக்கலாம் அண்ணாச்சி” என்றான் கண்ணன். “ஆனா, ஊருல நானும் ஒரு தலைக்கட்டுதான? கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரலயே.”

“அது விட்டுப்போச்சுடே, மனசுல வச்சுக்காத.”

“அதெப்படி விட்டுப்போவும்? வரி ஒழுங்கா கட்டுதேம்லா.”

கேட்டுக்கொண்டிருந்த சுடலைவடிவுக்குச் சிரிப்பு வந்தது. பத்திரிகையுடன் ஆள் நேரில் வந்து அழைத்தால் யோசிப்பதாகச் சொல்லிக் கண்ணன் வைத்துவிட்டான். அதன்பிறகு அவன் எடுக்கவில்லை. தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நம்பர மாத்தி எம் பேருல போடுங்க” என்றாள் சுடலைவடிவு.

“அதுக்குத் தலைக்கட்டுக் கூட்டம் கூட்டணும் தாயி. சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா.”

“கூட்டுங்க. தம்மாம்லயிருந்து பைய வரட்டும். நான் உளுந்துக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கேன்.”

அப்போது சமையற்கட்டிலிருந்து தலைவரின் மனைவி ஹமீது பீவி எட்டிப் பார்த்தாள். “காலையில பசியாற என்ன குடுக்கப் போறிய? ஒங்க சட்டத்தையா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

நூர்முகம்மது சட்டத்தை மீறுகிறவர் அல்லர். ஒரு பெண்ணைத் தலைக்கட்டாக்க அவரால் இயலாது. ஆனால், தலைமையாசிரியர் இல்லாத பள்ளியில் வேறொருவர் பொறுப்பு வகிப்பதில்லையா? ஆழ்ந்து சிந்தித்தபின் அவர் அனஸை அழைத்து, “எழுதுவே. சுடலைவடிவு, தலைக்கட்டு, அடைப்புக்குறிக்குள்ள பொறுப்பு” என்றார். நிரந்தரத் தலைக்கட்டு கருப்பட்டியுடன் திரும்பும் வரை இந்த ஏற்பாடு செல்லும் என்றும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அனஸ் சங்க அலுவலகத்துக்குப் போய்க் கணினியில் எண்ணை மாற்றினான்.

சுடலைவடிவு வீட்டுக்குத் திரும்பியபோது கிரைண்டர் மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தது. சற்றைக்கெல்லாம் அவளுடைய கைப்பேசியில் முதல்முறையாகக் கேள்வி வந்தது. உளுந்து அப்பிய விரலால் அவள் ‘மறுப்பு’ என்பதை அழுத்தினாள். கேள்வி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அடுத்தது தலைவர் வீடு. சங்கத்துக்கு முன்மாதிரியாக எப்போதும் ‘சம்மதம்’ அழுத்துபவர் என்று மேடைதோறும் சொல்லிவந்த நூர்முகம்மது, சம்பந்திகள் நடுவே கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு அழுத்தினார். பச்சையும் நீலமும் அணைந்தன. மழையில் மூங்கிற்கழிகள் மட்டும் நின்றன.

மறுநாள் இட்லி பஞ்சாக இருந்ததென்று மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். மாவு எங்கே அரைத்தது என்று விசாரித்து, வெள்ளம் வடிந்ததும் சேரன்மகாதேவியில் உள்ள தம் உணவகத்துக்கும் வேண்டுமென்று சொல்லிவைத்தார்.

தண்ணீர் இறங்கி விருந்தினர் புறப்பட்டபின், சங்க அலுவலகத்தின் முன்னால் பெண்கள் கூடினர். தம்மாமும் திருப்பூரும் தொலைவில் இருப்பதால் தங்களுக்கும் அடைப்புக்குறி வேண்டும் என்றனர். எல்லோருக்கும் முன்னால் நின்றவள் ஹமீது பீவி. நூர்முகம்மதுக்கு விளங்கவில்லை.

“ஒனக்கு எதுக்குப் பொறுப்பு? நான்தான் இங்கனயே இருக்கேனே.”

“இருக்கிய” என்றாள் அவள். “முன்மாதிரி முன்மாதிரினு அமுக்கி அமுக்கி எத்தன தடவ அடுப்படியில மிக்சிய நிறுத்துனிய? அப்பம் அங்கன நின்னது யாரு?”

சுடலைவடிவு மாவுத் தூக்குகளுடன் பலகையின் கீழே நடந்துகொண்டிருந்தாள். நின்று ஒருகணம் கேட்டாள்.

“எழுதுவே” என்று அனஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார் தலைவர்.