இடமிருந்து நான்காவது ஆள்

மாமா எங்கள் வீட்டைவிட்டுப் போனது நான் சொன்ன ஒரு வசனத்தாலா, அல்லது நான் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் போய்த்தான் இருப்பாரா? இருபத்திரண்டு வருடங்களாக எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த இருவரும், அம்மாவும் மாமாவும், நலமாக இருக்கிறார்கள். நான்தான் கேட்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. டென்மார்க்கில் ஃபிரெடெரிசியா என்ற ஊரில் இருந்தோம். பழைய நகரத்தைச் சுற்றிப் புல் மூடிய உயரமான மண்மதில் ஓடும். அதன்மேல் பீரங்கிகள் வெளியே பார்த்தபடி நிற்கும். மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். அவருடைய அகதி வழக்கு இரண்டு தடவையும் நிராகரிக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறவேண்டிய நாளும் கடந்திருந்தது. இது நான் வளர்ந்த பிறகு அறிந்தது. அப்போது அறிந்தது வீட்டு விதி மட்டும்: வாசல் மணி அடித்தால் மாமா என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். யார் கேட்டாலும் வீட்டில் நாங்கள் நாலு பேர். பொலிஸ் பிடித்தால் மாமாவை விமானத்தில் ஏற்றிவிடும்.

நான் சொல்வழி கேட்கும் பிள்ளை. சிக்கல் என்னவென்றால், வீட்டில் சொல்வதையும் கேட்பேன், பள்ளிக்கூடத்தில் சொல்வதையும் கேட்பேன்.

அந்த வருடம் வகுப்போடு ஊர் வரலாற்றுக் காப்பகத்துக்குப் போனோம். ஓய்வுபெற்ற ஒருவர் பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மதில் கட்டிய புதிதில் உள்ளே குடியிருக்க ஆட்கள் போதவில்லையாம். அதனால் அந்தக் காலத்து அரசர், வேறு இடங்களில் துரத்தப்பட்டவர்கள் இங்கே வந்து அடைக்கலம் தேடலாம் என்று சட்டம் போட்டாராம். அப்படி வந்தவர்களின் பெயர்கள் எழுதிய பக்கம் ஒன்றின் படத்தையும் காட்டினார். எங்கள் வீடு மதிலுக்கு உள்ளேதான் இருந்தது. இந்தச் சட்டத்தை ஏன் ஒருவரும் மாமாவுக்குச் சொல்லவில்லை?

நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், ஒவ்வொரு பிள்ளையும் மதிலில் எடுத்த குடும்பப் படம் ஒன்று கொண்டுவரவேண்டும் என்றும் அவர் சொன்னார். படத்தின் பின்பக்கத்தில், பென்சிலால் மட்டும், இடமிருந்து வலமாகப் பெயர்களையும் இருக்கும் தெருவையும் எழுதவேண்டும். பெயர் இல்லாத படம் ஒருவருக்கும் பிரயோசனப்படாது என்றார்.

எங்கள் அல்பத்தில் அப்படி ஒரு படம் இருந்தது. பிறந்த ஊரில் மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அனுப்ப அப்பா எடுத்தது. பீரங்கிக்குப் பக்கத்தில் அம்மா, அம்மாவின் கையைப் பிடித்தபடி என் தம்பி, நான், நான்காவதாக மாமா. போட்டிருந்த அப்பாவின் கோட்டு அவருக்குக் கை கட்டை, மணிக்கட்டு வெளியே தெரியும். அதனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். பார்த்தால் பெரிய உத்தியோகத்தர். கேட்காமலே படத்தை உரித்தெடுத்தேன். மாமாவின் முழுப் பெயரையும் எழுதி, எங்களோடு இருக்கிறார் என்று சேர்த்து, தெருவையும் எழுதினேன். காப்பகத்தில் பெயர் ஏறிவிட்டால் அவரை ஒருவரும் தொடமுடியாது என்று நம்பினேன். இப்போது, வீட்டிலிருந்து எதைக் கொண்டுபோகிறாள் என்று என் மகளின் பள்ளிப் பையைத் தினமும் இரண்டு தடவை கிளறிப் பார்க்கிறேன். கணவர் சிரிக்கிறார்.

கண்காட்சி தொடங்கிய சனிக்கிழமை அம்மா ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தார். தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் மாமா அவனோடு வீட்டில் நின்றார். அப்பா கோப்பி எடுக்கப் போன நேரம் அம்மாவை இழுத்துக்கொண்டு போய் எங்கள் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கீழே அச்செழுத்தில் நாலு பெயர்கள், தெரு, மாமா எங்களோடு இருக்கிறார் என்ற தகவல். அம்மாவின் கை என் தோளில் இறுகியது.

அந்த நேரம் பார்த்து என் வகுப்புத் தோழியின் அப்பா ரோலைக் கடித்தபடி வந்தார். அவர் பொலிஸ்காரர். அன்று சாதாரண உடுப்பில் இருந்தார்.

"இவர் உங்கள் தம்பியா?" என்று டேனிஷில் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா தனக்குத் தெரிந்த டேனிஷில், தம்பிதான், ஆனால் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார் என்றார்.

"இல்லை, அவர் இப்போதும் வீட்டில்தான் இருக்கிறார். என் அறையில்தான் படுப்பார்" என்றேன் நான், ஒரு பிழையும் இல்லாத டேனிஷில்.

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு படத்தை நெடுநேரம் பார்த்தார். "நல்ல உறைப்பு" என்று ரோலைக் காட்டிச் சொல்லிவிட்டு அப்பால் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெடித்தார்.

"பேரோட விட்டாளே? தெருவையுமெல்லோ எழுதி வைச்சிருக்கிறாள்!"

நான் அழுது அழுது அரசரின் சட்டத்தைச் சொன்னேன். மாமா எனக்கு முன்னால் குந்தியிருந்து கேட்டார்.

"அந்த ராசா இப்ப இருக்கிறாரோ பிள்ளை?"

"இல்லை. செத்துக் கனகாலம்."

"பாருங்கோ அத்தான், நல்ல ராசாக்கள் எல்லாம் நான் வாறதுக்கு முதலே போயிடுறாங்கள்."

அவர் மட்டும்தான் சிரித்தார்.

"படத்தைக் கழட்டச் சொல்லிக் கேக்கட்டே?" என்றார் அப்பா.

"கேட்டா ஏனெண்டு கேப்பாங்கள். விடுங்கோ அத்தான்."

பொலிஸ்காரரிடம் நான் சொன்னதை அம்மா எப்போது சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்த்தார். ஆனால் அதைச் சொல்லவில்லை. என் காதுபட ஒருநாளும் சொன்னதில்லை. மாமாவிடம் தனியே சொன்னாரோ தெரியாது.

திங்கட்கிழமை பள்ளியால் வர, மாமாவின் மெத்தை சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தது. "மாமாவுக்கு வேற இடத்தில வேலை கிடைச்சிட்டுது" என்றார் அம்மா. அல்பத்தில் மாமா நின்ற படம் ஒன்றும் மிஞ்சவில்லை. பொலிஸ் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

நூலகத்தில் அந்தப் படம் இரண்டு கிழமை தொங்கியது. அம்மா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போவார். தனக்கு வாசிக்க வராத டேனிஷ் சஞ்சிகை ஒன்றை விரித்துக்கொண்டு படத்துக்குக் கீழே இருப்பார். யாராவது கிட்ட வந்தால் எழும்பிப் பெயர்கள் இருந்த பக்கமாகப் போய் நின்று, மழையைப் பற்றியும் காற்றைப் பற்றியும் கதைப்பார். அம்மா அந்நியரோடு கதைத்து நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்தப் படம் அம்மாவுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். தோழியிடம் அதைப் பெருமையாகவும் சொன்னேன்.

மாமா இப்போது வேல்ஸில், கல்மதில் சூழ்ந்த சிறிய ஊர் ஒன்றில் கடை வைத்திருக்கிறார். குடியுரிமையும் கிடைத்துவிட்டது. அந்த ஊரின் பழைய படங்களைப் பகிரும் முகநூல் குழுவில் அவர்தான் முன்னுக்கு நிற்பவர். எந்தக் கோபுரத்தின் படிகள் இடிந்தன, எந்தக் கடை முன்பு குதிரை லாயமாக இருந்தது என்று அங்கேயே பிறந்தவர்களுக்கு விளக்கம் கொடுப்பார். தன் படத்தை மட்டும் எங்கும் போடமாட்டார். போன கிழமை குடும்ப வட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: "அக்கா, மகளின்ரை பதினாறாவது பிறந்தநாளுக்கு என்ரை இளவயசுப் படம் வேணுமாம். டென்மார்க்கில நிண்டது ஒண்டாவது இருக்கோ?" அம்மா எழுதிய பதில்: "ஒண்டும் இல்லை தம்பி."

ஒன்று இருக்கிறது. காப்பகம் பழைய படங்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. தேடியபோது அது வந்தது. முன்பக்கம் மாமா சிரிக்கிறார். பின்பக்கமும் இருக்கிறது, என் எழுத்தோடு.

அதைத் தரவிறக்கி நாலு நாளாகிறது. அனுப்பினால் நூலகத்தில் நான் சொன்னதையும் சொல்லாமல் என்னால் இருக்கமுடியாது. சொன்னால், அம்மா எனக்காக இத்தனை வருடம் ஒருவேளை மூடியே வைத்திருப்பதை நானே திறந்ததாகிவிடும். அனுப்பாமல் விட்டால், ஒரு பிள்ளை தன் அப்பாவின் இருபத்தைந்து வயது முகத்தைக் காணாமலே போகும். பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். முதலில் அம்மாவிடம் கேட்கவா? மாமாவிடம் நேரே சொல்லவா? அல்லது படத்தை மட்டும் அனுப்பிவிட்டு இந்த முறையாவது வாயை மூடிக்கொண்டு இருக்கவா? இதை வாசிக்கிற நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.