வாயை அகலத் திறந்து ஊதணும்

ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, உங்கள் முகத்துக்கு எதிரே முக்கால் சாண் தள்ளி யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். உதட்டைக் குவிக்கக் கூடாது. வாயை அகலத் திறந்தபடியே ஊதி அணைக்கணும். நல்ல மூச்சு உள்ளவர் ஒரே ஊதில் அணைத்துவிடுவார். பீடி குடித்து நெஞ்சு கெட்டவர் ஊதினால் தீ ஆடும், சாயும், மறுபடி நிமிர்ந்துகொள்ளும்.

எங்கள் தருமாஸ்பத்திரி டாக்டர் இதைத் தொடங்கியபோது பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியை விட்டுப் போய் ஐந்தாறு வருஷம் இருக்கும். நான் அங்கே கூட்டுவேன், தண்ணீர் பிடித்து வைப்பேன், ஊசிகளைக் கொதிக்க வைப்பேன். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. ஆம்பிளைகள் வரிசையாக நின்றால் சுவரை ஒட்டியே நடந்து போகிறவள்.

சனிக்கிழமை இருமல்காரர்கள் வருவார்கள். பாதிப் பேர் மில் ஆட்கள். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பார். பீடியை விடு, ஆசை வந்தால் ஒரு கிராம்பை வாயில் போடு, ஒரு சொம்பு தண்ணீர் குடி, எழுந்து நட, அடுத்த வாரம் வந்து ஊதிக் காட்டு என்பார். குச்சியைப் பிடித்தது முதலில் ஊசி போடுகிற கன்னியாஸ்திரீ. மாசேர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அவருக்குக் கை ஒழியவில்லை என்று ஒரு நாள் டாக்டர் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டார்.

உடம்பெல்லாம் கூசிப்போனது எனக்கு. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, கையை மட்டும் நீட்டினேன். தங்கச்சி குச்சியைப் புடிச்சிருக்குதா, குச்சி தங்கச்சியைப் புடிச்சிருக்குதா என்று வரிசையில் கேலி பேசினார்கள். ஆனால் மூன்றாவது வாரம் ஒரு வண்டிக்காரர் ஊதி அணைத்தார் பாருங்கள், மொத்த வரிசையும் ஓவென்றது, நானும் தலை நிமிர்ந்துவிட்டேன். அதிலிருந்து எப்போது சனிக்கிழமை வரும் என்றிருக்கும்.

அந்த வரிசைக்கு என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். பஞ்சாலையில் நூற்கிற வேலை. இழுப்பு வந்து இரண்டு மாதமாக ரெட்டியார்பாளையத்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மில்லில் மறுபடி சேர்ப்பார்கள். பஞ்சுத் தூசியும் பீடியும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் மெஷின் பக்கத்திலேயே விழுந்துவிடுவாய், குச்சியை அணை, எழுதித் தருகிறேன் என்றுவிட்டார் டாக்டர். பெயரைக்கூட நான் வாயால் சொல்லாத புருஷன் முகத்துக்கு நேரே, அத்தனை பேர் பார்க்க, நான் கை நீட்டி நிற்கணும்.

இரண்டு சனிக்கிழமை தோற்றார். மூன்றாவது தரம் அவர் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். என் மணிக்கட்டு தானாக ஒரு வெட்டு வெட்டியது. தீ அணைந்தது. டாக்டர் வேறொருவர் நெஞ்சில் குழல் வைத்திருந்தார், பார்க்கவில்லை. அணைஞ்சுடுச்சா, அடுத்த வாரமும் இதே மாதிரி அணைச்சா எழுதிடலாம் என்றார்.

நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் வாசலில் குந்தி பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். மூணு வாரமாகத் தொடாத பீடி.

"அதான் அணைச்சிட்டேனே, நெஞ்சு சரியாப் போச்சு" என்றார்.

நான் கையை ஆட்டினது வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அந்த வாரம் முழுக்கப் பீடி குடித்தார்.

சனிக்கிழமை டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே ஊதச் சொன்னார். நான் குச்சியைக் கொளுத்திப் பிடித்தேன். அவர் ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். கொஞ்சம் ஆட்டேன் என்று கண்ணால் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. இல்லை, அவருக்குத்தான் தெரியாதே, கெஞ்சியது என் மனசு. கையை ஆட்டவில்லை. தீ விரலைச் சுட்ட பிறகுதான் குச்சியைப் போட்டேன்.

போன வாரம் எப்படி அணைந்தது என்று டாக்டர் கேட்டார். அவரைத்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

"அவுரு அணைக்கல டாக்டரய்யா. நான் கைய ஆட்டிட்டேன்."

அத்தனை ஆம்பிளைகள் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. வீராம்பட்டினத்திலிருந்து மருந்துக்கு வந்திருந்த மீன்காரம்மா, "புருஷனுக்குப் பதிலா பொண்டாட்டி கை மூச்சு வுடுதுடி" என்றாள். ஆஸ்பத்திரியே சிரித்தது. டாக்டர் சிரிக்காமல் பேனாவை மூடினார். அடுத்த வாரத்திலிருந்து மாசேர் பிடிக்கட்டுமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வேணாம். அவளே புடிக்கட்டும்" என்றார்.

என் மேல் கோபம்தான். ஆனால் அன்றைக்கே இடுப்பிலிருந்த பீடிக்கட்டை எடுத்து, நான் ஊசி கொதிக்க வைக்கிற அடுப்பில் போட்டுவிட்டுத்தான் போனார். மில் சங்கு ஊதினால்தான் அவருக்குத் தாங்காது. அது பீடி நேரம். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, கிராம்பைக் கடித்துக்கொண்டு விழுப்புரம் ரோட்டில் நடப்பார். முதலில் புளியமரம் வரைக்கும் போய் மூச்சு வாங்கத் திரும்பினார். அப்புறம் மரம் தாண்டினார். நாலாவது வாரம் எங்கே போனார் என்று நான் தேடும்படி ஆனது.

அந்தச் சனிக்கிழமை வரிசை பிரிந்து எங்களைச் சுற்றி நின்றது. நான் முழங்கையை மேஜை மேல் ஊன்றிக்கொண்டேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. வாயை இறுக மூடி மூச்சையும் பிடித்துக்கொண்டேன். முதல் குச்சி சாய்ந்து நிமிர்ந்தது. இரண்டாவதைக் கொளுத்தினேன். அவர் நிதானமாக மூச்சை இழுத்தார், வாயை அகலத் திறந்தார்.

அணைந்தது. புகை நேராக என் முகத்துக்கு வந்தது. சுற்றி நின்றவர்கள் போட்ட சத்தத்தில் மாசேர் ஊசியும் கையுமாக ஓடி வந்தார். டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார். நான் மட்டும் அணைந்த குச்சியை நீட்டினபடியே நிற்கிறேன்.

என் வீட்டுக்காரர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இப்ப நீ மூச்சு வுடு புள்ள" என்றார்.