மின்விசிறி சுற்றாத அறை

இராமேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் மின்சாரம் போகும்போதெல்லாம், மின்விசிறி வேகம் குறைந்து நிற்கிற அந்தச் சில நொடிகளில் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். "ஏம்மா, தண்ணிக்குள்ள முங்குனவ மாதிரி இருக்க?" என்று மகள் கேலி செய்கிறாள். செய்யட்டும். அவள் வயிற்றில் இருந்தபோது நடந்தது அவளுக்கு எங்கே தெரியப் போகிறது?

கடலாடிப் பக்கத்து ஊர் ஒன்றில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். மாமனாருக்கும் அவருடைய பங்காளிக்கும் வரப்புத் தகராறு. "உன்னைய உசுரோட விட மாட்டேன்டா" என்று பங்காளி ஒருநாள் ஊர் நடுவில் கத்திவிட்டுப் போனாராம். கோபத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ சொல்கிறார்கள். மாமா அதை அப்படியே நம்பிவிட்டார். அலையாய் அலைந்து உரிமம் வாங்கி, கைத்துப்பாக்கியும் வாங்கினார். அதன் பிறகாவது பயம் குறைந்திருக்க வேண்டும். வாசல் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் வந்ததுதான் மிச்சம். பங்காளி வீட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தி ஆணி அடித்தார். கண்ணில் புரை விழுந்து ஆள் முகமே தெரியாமல் போன பிறகும் மதுரைக்கு ஆபரேஷனுக்குப் போக மறுத்தார். வீட்டை யார் பார்ப்பது என்பார்.

அவ்வப்போது கொல்லைப் பனையைப் பார்த்துச் சுடுவார். "நம்மகிட்ட இருக்குன்னு அவனுக்குக் கேக்கணும்ல தாயி." கடையில் தரும் தோட்டா இந்தக் கூத்துக்குப் போதவில்லை. சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கிவைத்து, வீட்டிலேயே வெடிமருந்து அடைக்க ஆரம்பித்தார். மருந்தும் கருவியும் யார் மூலமாகவோ வந்து சேர்ந்தன. சட்டம் இதற்கு என்ன சொல்லும் என்று கேட்கிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

மருந்தை நிறுக்கும் தராசின் முள்ளைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை. அதனால் என் கண்ணை எடுத்துக்கொண்டார். மருந்தைத் திறந்துவிட்டால் அறைக்கதவு திறக்கக் கூடாது. அடுப்படியில் நெருப்பு எரியக் கூடாது. தட்டிலிருக்கும் மருந்து பறந்துவிடும் என்று மின்விசிறி ஓடக் கூடாது. சித்திரை வெயிலில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்திருப்பேன். "மூச்சக்கூட மெதுவா விடு தாயி" என்பார். ஒரு கூட்டில் மருந்து இரண்டு தரம் விழுந்துவிட்டால் சுடும்போது கையிலேயே வெடிக்கும் என்று சொல்லிவிட்டு, கவனித்துக்கொள்ளும் பொறுப்பையும் என் தலையில் கட்டுவார். எனக்கு அவர்மேல் அப்படியொரு ஆத்திரம் வரும். கணவரிடம் போனில் சொன்னால், "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்பார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் என்னைப் பெற்ற அய்யா பிரசவத்துக்கு இராமேஸ்வரம் அழைத்துப்போக வந்தார். "இந்தத் தடவ அடைச்சு முடிச்சிரட்டும்" என்று மாமா அனுப்பவில்லை. எட்டாம் மாதத்தில் அனுப்பும் வழக்கமில்லை என்று அத்தை சொல்லிவிட்டார். ஒன்பது பிறந்ததும் அய்யா சொல்லாமல் கொள்ளாமல் காரோடு வந்து நின்றார். நான் மாமாவோடு மருந்து அடைக்கும் அறையில், தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருந்தேன்.

"ராகுகாலம் பொறக்கப் போகுது, மகளை வரச் சொல்லுங்க" என்ற அய்யாவின் குரல் கேட்டது. "செத்த உக்காருங்க, உள்ள வேலையா இருக்கா" என்றார் அத்தை.

"மாமா, எங்க அய்யா வந்திருக்காக."

"இன்னும் ஒரே ஒரு கூடுதான் தாயி. முள்ளப் பாரு."

அதை முடித்ததும் இன்னொன்றை எடுத்தார். நல்ல நேரம் தப்பினால் பயணம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் இந்த அறையிலேயே எனக்கு வலி கண்டுவிடும் என்று பயந்தேன். பிள்ளை உள்ளே புரண்டது. எழுந்து போய் மின்விசிறிக்கான சுவிட்சைப் போட்டேன்.

மருந்து பறந்தது. மாமா இரண்டு கைகளையும் விரித்துத் தட்டை மூடிக்கொண்டு, "யார்ரா அது?" என்று அலறினார்.

"நாந்தான் மாமா. கதவத் தெறக்கப் போறேன்."

"வெளிய யாரு?"

"எங்க அய்யா."

"தனியாத்தான வந்திருக்காரு?" என்று கேட்டார். கைகள் இன்னும் தட்டை மூடியிருந்தன. அதுவரை இருந்த ஆத்திரமெல்லாம் போய், பாவமாக இருந்தது. ஆனாலும் தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்துவிட்டேன். மகள் இராமேஸ்வரத்தில் பிறந்தாள். பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் மாமாவும் தோட்டா அடைப்பதை விட்டுவிட்டார். தாழ்ப்பாளை மட்டும் விடவில்லை.

சில வருடங்கள் கழித்து அவர் படுக்கையிலேயே இறந்துபோனார். பாடை கட்ட மூங்கிலோடு முதலில் வந்தவர் அந்தப் பங்காளிதான். முறைப்படி முன்னால் தோள் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். ஆணி அடித்த ஜன்னலைப் பார்த்துவிட்டு அத்தையிடம், "இதை ஏன் ஆத்தா அடைச்சு வச்சிருக்கீக?" என்று கேட்டார். அத்தை காரணத்தைச் சொன்னார். "நானா? அப்படியா சொன்னேன்?" என்று அவர் விழித்தார்.

நேற்றும் மின்சாரம் போனது. விசிறி நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, மகள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். கடல் காற்று உள்ளே புகுந்து மேசைமேல் இருந்த அவளுடைய தாள்களை வாரி இறைத்தது. நான் பாய்ந்து இரண்டு கைகளையும் விரித்து மேசையை மூடிக்கொண்டேன். "காத்துத்தானம்மா" என்றாள் மகள். கையை எடுக்க எனக்குச் சிறிது நேரம் ஆனது.