நகரி பஸ் ஸ்டாண்டில் அண்ணன் அடித்த அடி

எங்கள் அண்ணனின் முதலாமாண்டுத் திதிக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் தறித்தெருக்காரர்களுக்கும் அண்ணனின் ஒரே தங்கை வணங்கி எழுதுவது.

எழுத உட்கார்ந்தபோது அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "நல்லதா எழுதும்மா. அந்த பஸ் ஸ்டாண்டு கத மட்டும் வேணாம்." அண்ணி என்னை மன்னிக்க வேண்டும். அந்தக் கதைக்காகத்தான் நான் எழுதவே ஒப்புக்கொண்டேன். இந்த மலரை வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அண்ணன் என்றால் கை நீட்டுகிற ஆள், தங்கையைத் தலைமுழுகியவர் என்றுதான் ஞாபகம் வரும். அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது நகரியில், தறிச் சத்தத்துக்கு நடுவில். நைனாவும் அம்மாவும் ஒரு வருஷ இடைவெளியில் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு எட்டு. அன்றைக்கே அவர் நைனாவின் தறியில் போய் நின்றார். எனக்குத் தலை வாரிப் பின்னியதும் அவர்தான். பின்னல் எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவருக்குக் கல்யாணமாகி அண்ணி வந்த பிறகுதான் என் பின்னல் நேரானது. என்னைத் திருப்பதிக்கு அனுப்பி லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்க வைத்ததும் அவர்தான்.

விசைத்தறி அவருடைய காதை வாங்கிக்கொண்டது. நாற்பது வயதிலேயே பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். தறிக்காரர்கள் ஷெட்டுக்குள் கை ஜாடையிலும் உதட்டசைவிலும்தான் பேசிக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணன் ஷெட்டுக்கு வெளியிலும் அப்படியே ஆகிவிட்டார். எதிரே இருப்பவரின் முகத்தையும் கையையும் அவர் பார்க்கிற மாதிரி வேறு யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு மல்யுத்தம். எண்பதுகளில், அவர் பையனாக இருந்தபோது, குவைத்திலிருந்து வந்த ஒருவர் வெளிநாட்டு டிவியில் காட்டிய மல்யுத்தப் போட்டிகளை கேசட்டில் பதிந்து கொண்டுவந்தாராம். அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு ஷெட்டில் டிவியும் டெக்கும் வைத்து, தெருவே உட்கார்ந்து பார்க்கும். ஆட்டக்காரர்களின் பெயர் யாருக்கும் வாயில் நுழையாததால் தெருவே பெயர் வைத்துக்கொண்டது. ஒருவர் மொட்டையன், ஒருவர் வெள்ளைப் பூட்ஸ், ஒருவர் பூனைக்கண்ணன். அந்த கேசட்டுகள் தேய்ந்து படத்தில் மழை பெய்கிற வரைக்கும் அண்ணன் பார்த்தார்.

இனி பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்குப் பலமனேர். தெலுங்குக்காரர், நம்ம ஜாதி இல்லை. அங்கே தக்காளி மண்டியில் வேலையில் இருந்தார், வண்டியோடு திருப்பதிக்கு வந்து போகும்போது பழக்கம். என்னைப் பெண் கேட்டு அவர் தனியாக நகரிக்கு வந்த நாளை இங்கே பல பேர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். குடும்பத்துக்குப் பெரியவரான பெரியப்பா முடியாது என்றார். என் வீட்டுக்காரர் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். பின்னாலேயே சொந்தக்காரர்கள் போனார்கள். நானும் ஓடினேன்.

திருப்பதி பஸ் புறப்படத் தயாராக நின்றது. அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். அடுத்து அவரை அலாக்காகத் தூக்கித் தரையில் போட்டார். அவர் உதட்டில் ரத்தம். நான் அலறியது எனக்கே கேட்கவில்லை. அண்ணன் நேராகக் குழாயடிக்குப் போய், அங்கிருந்த பக்கெட்டுத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"என் தங்கச்சி இன்னியோட செத்துட்டா. நான் தலமுழுகிட்டேன். இனிமே அதுங்க பின்னால போற ஜோலி யாருக்கும் கெடையாது!"

அவரையும் என்னையும் பிடித்துப் பஸ்ஸில் தள்ளினார். கண்டக்டர் பயந்துபோய் விசில் ஊதிவிட்டார். கூடப்பிறந்த மூத்தவன் கை வைத்துத் தலைமுழுகிவிட்டால் அதற்கு மேல் பங்காளிகள் தலையிடக் கூடாது என்பது நம் கட்டுப்பாடு. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வுடு, அவனே முடிச்சுட்டான்" என்று திரும்பிப் போனாராம். நாங்கள் திருப்பதியில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடியிருந்தோம். அண்ணன் வரவில்லை. நானும் அவரைத் தேடவில்லை. அந்த அறையின் சத்தம் என் காதிலேயே இருந்தது.

அண்ணி ஒளிந்து ஒளிந்து போன் செய்வார், நான் கட் செய்துவிடுவேன். பதினோராவது வருஷம் பெரியப்பா காலமானார். அடுத்த மாதமே அண்ணன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் கம்பி வழியாக, "அண்ணன்னு எனுக்கு யாரும் இல்ல" என்றேன். அவருக்குக் காது கேட்காது, ஆனால் உதட்டைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவர் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தாம்பாளத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

இன்னும் மூன்று வருஷம் போனது. அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள். வாரம் இரண்டு முறை திருப்பதிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு நாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது ஹால் சோபாவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அண்ணி ஒரு பையோடு. கூட்டிவந்தது என் வீட்டுக்காரர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நகரிக்கும் இங்கயும் அலைய முடியாது. இங்கயே இருக்கட்டும்" என்றார். நான் நேராக அடுப்படிக்குப் போனேன். சோறு மட்டும் வடித்துப் போட்டேன்.

எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. அடி வாங்கியவருக்கு அடித்தவர் மேல் ஏன் இத்தனை கரிசனம்? என் வீட்டுக்காரர் இணையத்தில் தேடித் தேடி அந்தப் பழைய எண்பதுகள் போட்டிகளை எடுத்து, டிவியில் போட்டுக் கொடுப்பார். மொட்டையனைத் திரும்பக் கண்ட அன்று அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். இருவரும் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரிப்பார்கள். அடுப்படியிலிருந்து பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யார் ஜெயிப்பார் என்று அண்ணனுக்கு எல்லாமே மனப்பாடம். பிறகு எதற்கு அதையே பார்க்கிறார் என்று ஒரு நாள் அண்ணியிடம் எரிந்து விழுந்தேன். அண்ணன் என் உதட்டைப் பார்த்துவிட்டு அவரே பதில் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஜெயிக்கறவன யாரு பாத்தா? நான் வுழறவனத்தான் பாத்துக்கினு கீறேன். தாடைய நெஞ்சோட ஒட்டிக்கினு, முதுகு மொத்தமும் தரையில படற மாரி வுழறான் பாரு. தூக்கிப் போடறவன் கையி அவன் தலைக்கு அடியில கீது. அடி படக் கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் கவல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் ஹாலில் கீழே உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன். டிவியில் வெள்ளைப் பூட்ஸும் பூனைக்கண்ணனும். அண்ணன் படத்தை நிறுத்தச் சொல்லி விரலால் காட்டினார். "அங்க பாரு, தூக்கறதுக்கு மின்ன கைய அமுக்கறான். ரெடியான்னு கேக்கறான்."

என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவுனு, ஆமா பாவா. நீங்க எனுக்கு ரெண்டு தபா அமுக்குனீங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் முறத்தைக் கீழே வைத்தேன்.

"இன்னா அமுக்கினாரு? எப்போ அமுக்கினாரு?"

 அண்ணி இவரைப் பார்க்கிறார், இவர் அண்ணனைப் பார்க்கிறார். கடைசியில் அண்ணன், "சொல்லிடு மாப்ள. பெரியப்பாதான் போய்ட்டாரே" என்றார்.

இவர் என்னைப் பெண் கேட்டு வந்த அன்றைக்குப் பெரியப்பா வீட்டில் வேறோர் ஏற்பாடு இருந்தது. பெரியப்பாவின் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அதனால் விரித்து எழுதவில்லை. என் வீட்டுக்காரர் அன்று முழுக் காலோடு ஊர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார் என்பது வரைக்கும் சொன்னால் போதும். பெண் கேட்டு வருவதற்கு முன்பே அண்ணனுக்கு அது தெரிந்துவிட்டது. நூல் வாங்கப் போவதாக அண்ணியிடம் சொல்லிவிட்டு மூன்று முறை பலமனேருக்குப் பஸ் ஏறியிருக்கிறார். மண்டிக்குப் பின்னால் காலிச் சாக்குகளைக் குவித்து அதன்மேல் இவரைத் தூக்கிப் போட்டு, விழக் கற்றுக்கொடுத்திருக்கிறார். முதல் தடவை இவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு, அண்ணனே தைலம் வாங்கித் தேய்த்தாராம்.

"அந்த அறை?" என்று கேட்டேன். "அந்தச் சத்தம் நான் கேட்டேனே?"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, தன் தொடையில் தானே படீரென்று ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். அதே சத்தம். பதினான்கு வருஷமாக நான் சுமந்த சத்தம். கன்னத்தில் அண்ணனின் கை பட்டும் படாமலும் போயிருக்கிறது. அந்த வித்தையும் கேசட்டில் கண்டுபிடித்ததுதான். எல்லோரும் அடிக்கிறவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடி வாங்குகிறவன் கை எங்கே போகிறது என்று அண்ணன் பார்த்திருக்கிறார்.

"அப்ப ரத்தம்?"

அண்ணன் தலை குனிந்தார். தறியில் நிற்கிறவர்கள் மோதிரம் போடுவதில்லை, நூலில் மாட்டும். அன்றைக்கு நாலு பேர் கூடுகிற இடம், மாப்பிள்ளை வருகிற நாள் என்று புதுச் சட்டை போட்டவர், பெட்டியில் இருந்த நைனாவின் மோதிரத்தையும் எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். பழக்கமில்லாததால் விரலில் மோதிரம் இருப்பதே மறந்துபோய்விட்டது. உதட்டைக் கிழித்தது அதுதான். "அது ஒண்ணுதான் தப்பாப் பூட்ச்சு" என்றார். இத்தனை வருஷம் கழித்தும் அதற்காக அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மற்ற எதற்கும் வரவில்லை.

எனக்கு வந்தது ஆத்திரம்தான். என் வீட்டுக்காரரை அன்று நான் பேசாத பேச்சில்லை. பதினான்கு வருஷம் ஒரே பாயில் படுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பெரியப்பா இருக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தாராம். அதற்குப் பிறகு சொல்லப் போனபோது அண்ணனே தடுத்தாராம். அண்ணன் பக்கம் திரும்பினேன். "என்கிட்ட மின்னயே சொல்லியிருந்தா இன்னாண்ணா?"

"உன் மொகத்துக்கு நடிக்கத் தெரியாதும்மா. நீ நெஜமா அழுததுலதான் அவங்க நம்பினாங்க."

"கதவாண்ட வந்து நின்னப்பவாவது சொல்லக் கூடாதா?"

"நீ பேசினத பாத்தேன்" என்றார். "நான் சொல்லி நீ கதவ தெறந்தா அது நான் கேட்டு வாங்கின மாரி ஆவும். நீயா தெறப்பேன்னு இருந்தேன்."

அதன்பிறகு எங்களுக்குக் கிடைத்தது ஐந்து மாதம். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அந்தப் பழைய போட்டிகளைப் பார்த்தேன். எந்தக் கை எங்கே இருக்கிறது என்று அவர் காட்டுவார், நான் கண்டுபிடித்தால் சந்தோஷப்படுவார். நகரிக்குப் போய் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பல முறை கிளம்பினேன். "நான் இருக்கற வரைக்கும் வேணாம். பெரியப்பா பேரு கெடும். எனுக்குத்தான் அந்தப் பேரு பழகிப்போச்சே" என்று தடுத்துவிட்டார். கடைசி வாரத்தில் டிவியைப் பார்க்கக்கூட முடியவில்லை. என் கையைப் பிடித்தபடியே இருந்து, ஒரு விடியற்காலையில் அமைதியாகப் போய்விட்டார்.

டயாலிசிஸ் பிரிவில் அவர் காதுக்காக ஒவ்வொன்றையும் எழுதிக் காட்டிய செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த மண்டி நண்பர்களுக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் நன்றியுடையது. பெரியப்பாவின் பிள்ளைகள் பந்தல் போட்டதிலிருந்து பதினாறாம் நாள் வரைக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. அவர்களுக்குத் தனியாக என் கும்பிடு.

பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். "அவ்ளோ அடி வாங்கினவரு, எப்படி மன்னிச்சுட்டாரு பாரு, பெரிய மனசு" என்று அன்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவருக்கு மன்னிக்க ஒன்றுமே இருக்கவில்லை. அந்த ஐந்து மாதத்தில் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய ஒரே ஆள் நான்தான். நாலைந்து முறை வாயெடுத்தேன். என் உதடு அசையும்போதே அவர் முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொள்வார். படித்துவிடக் கூடாது என்று.

இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும், எழுத்தில் கேட்கிறேன். நான் கதவைத் திறந்திருக்கணும், அண்ணா. என்னை மன்னிச்சுடு.