பெட்டியில் எனக்கும் ஒரு பேர்

போன மாதம் என் மகன் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றப் போய் ஒரு பரீட்சையை அழித்துவிட்டான்.

எங்கள் வீடு அம்பிட்டியவில், சரிவில் கட்டியது. கீழ் அறையில் மகன் கல்யாண ஆல்பம் செய்கிறான். மேல் அறையில் மருமகள், பள்ளிக்கூட டீச்சர், வினாத்தாள் அடிக்கிறாள். பிரிண்டர் மேலே. ஸ்கேனர் கீழே. ஆகவே ஒரு பென் டிரைவ் நாள் முழுக்கப் படியில் போய் வரும். அதற்குக் கால் கிடையாதே... கால் என்னுடையது. எங்கள் வீட்டு நெட்வேர்க் நான்தான்.

அன்றைக்கு ஆல்பம் அவசரம். பென் டிரைவில் இடமில்லை என்று மகன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கல்யாணப் படங்களை ஏற்றிவிட்டான். அதில்தான் மருமகளின் தவணைப் பரீட்சை வினாத்தாள் இருந்தது. வேறு கொப்பி இல்லை. கொஞ்ச நாள் இருவரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். அதற்கும் நெட்வேர்க் நான்தான்.

இன்னொன்றும் போனது. எந்தக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறதோ அதில் உட்கார்ந்து பேப்பருக்கு எழுதும் இந்தப் பத்தியை நான் ஒற்றை விரலால் அடிப்பேன். வைத்துக்கொள்ள எனக்கென்று இருந்த இடம் அந்தப் பென் டிரைவ் மட்டும்தான். அச்சில் வந்தவை பேப்பரில் இருக்கின்றன. அனுப்பாமல் வைத்திருந்தவை? போயே போய்விட்டன. கல்யாணத்துக்கும் பரீட்சைக்கும் நடுவில் இதை எங்கே சொல்வது?

கடைசியில் மூவருமாகக் கண்டி டவுனுக்குப் போனோம். கம்ப்யூட்டர் கடைக்காரர் முஸ்லிம்; அண்ணன் என்ற முறையில் அவரை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஃபைல் வைக்க என்ன இருக்கிறது என்று மகன் கேட்டான். நானா எடுத்துக் காட்டினார். ரவுட்டரின் பின்னால் செருகுகிற ஹார்ட் டிஸ்க் மலிவு; பெரிய வீடியோ என்றால் அதற்கு மூச்சு வாங்குமாம். ஒரு டிஸ்க் போடுகிற பெட்டியும் இருந்தது. இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டியும் இருந்தது.

இரண்டு டிஸ்க் என்பதில் சண்டையில்லை. எப்படி என்பதில்தான். மகனுக்கு இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய இடமாக வேண்டும். மருமகளுக்கு ஒன்றில் உள்ளதே மற்றதிலும் இருக்க வேண்டும். நானா மருமகள் பக்கம் நின்றார். ஒன்று பழுதானாலும் மற்றது நிற்குமே! கூடவே ஒன்று சொன்னார்:

"கையால அழிச்சா ரெண்டுலயும்தான் போகும். தனியா வேற டிஸ்க்ல ஒரு கொப்பி எடுத்து அலுமாரில வைங்க."

மருமகள் மகனைப் பார்த்தாள். மகன் விலைச்சீட்டைப் பார்த்தான்.

"எத்தின பேர் பாவிக்கிற?" என்று கேட்டார் நானா. ஆளுக்கொரு பேர் பதிந்து, ஆளுக்கொரு இடம் ஒதுக்க வேண்டுமாம்.

"ரெண்டு பேருதான் நானா," என்றான் மகன்.

கடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. வாங்கப் போன சாமான் தப்பாக வந்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிற ஆள் நான். அன்றைக்கு எப்படி வந்ததோ...

"மூணு," என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. நானாவுக்குக் கேட்டுவிட்டது. "அம்மா மூணு எண்டு சொல்றாங்க."

மகன் திரும்பினான். "உங்களுக்கு என்னத்துக்கும்மா?"

மருமகளுக்குத்தான் உடனே பிடிபட்டது. "மாமி, பேப்பருக்கு எழுதுறதெல்லாம் எதுல வச்சிருந்தீங்க?" நான் தரையைப் பார்த்தேன். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "அதையும் அழிச்சாச்சா?"

ஹந்தானைத் தோட்டத்தில் நான் தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் நாள் சம்பளத்தைப் 'பேர்' என்போம். சொன்ன நிறை எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மகனுக்கும் அது தெரியும். அசடு வழிந்துகொண்டு கேட்டான்:

"அம்மாவுக்கு முழுப் பேரா, அரைப் பேரா?"

"இத்தன நாளா படி ஏறி இறங்குனதுக்கு முழுப் பேருதான்," என்றாள் மருமகள்.

வீட்டுக்குப் பொதுவாக ஒரு சாமான் வாங்கும்போது அது எத்தனை பெரிது என்று கேட்கிறோம். ஆட்களை எண்ணும்போது மட்டும், பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் விட்டுப்போகிறார். வேண்டுமென்றே செய்வதில்லை... கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் எப்படி?

பெட்டி வந்துவிட்டது. இரண்டு டிஸ்கிலும் ஒன்றே பதிகிறது. பொது இடம் ஒன்று, ஆளுக்கொரு தனி இடம். இந்தப் பத்தி என் இடத்தில்தான் இருக்கிறது. நான் மறந்துவிடுவேன் என்று மகன் பாஸ்வேர்டைக் கேட்டான். சொல்லவில்லை.

இப்போது படியில் நான் கொண்டுபோவது தேத்தண்ணீர் மட்டும்தான். அதற்கு இன்னும் பெட்டி வரவில்லை.