யாரும் சொல்லாத டாக்டர்

மிளகு பறிக்கையில் மரத்திலிருந்து விழுந்து என் கணவருக்கு முதுகெலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்ததும், "இனிப் படுக்கைதான்" என்று கொல்லிமலைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதத்தில் எலும்பு தெரியுமளவு படுக்கைப்புண். காய்ச்சலோடு சேலத்துக்குத் தூக்கிப் போனபோதுதான், இப்படி முடங்கியவர்களை மறுபடி இயங்க வைக்க மறுவாழ்வு மருத்துவர் என்று ஒருவர் இருப்பதே தெரிந்தது.

"ஏம்மா, அப்பவே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களாட்டம் ஒருத்தர் இருக்கறதா எங்களுக்கு யாருங்க சொன்னாங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர்தான் புண்ணை ஆற்றி, கைகளுக்குப் பயிற்சி கொடுத்து, காலில் காலிப்பர் என்ற தாங்குகம்பி மாட்டி நிற்கவைத்தார். இன்று என் கணவர் தானே குளிக்கிறார். அழுகிக் கிடந்த எட்டு மாதத்துக்கு யார் பதில் சொல்வார்கள்?

இப்போதெல்லாம் மலையில் எங்கள் குண்டூர் நாட்டு ஊர்களில் யார் விழுந்தாலும் ஆஸ்பத்திரிக்கு நானும் போகிறேன். "மறுவாழ்வு டாக்டரு எங்க இருக்காருன்னு சீட்டுல எழுதிக் குடுங்க. அப்பறந்தான் ஆளை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவோம்" என்று கட்டிலருகே நின்றுவிடுகிறேன்.