எட்டாம் நம்பர் சப்பாத்து

ஞாயிற்றுக்கிழமையானால் நான் யாருடைய காலையும் பார்க்க விரும்புவதில்லை. கிழமை முழுக்க எனக்குக் கால்தான். கிழக்கு லண்டனில் பெக்டன் பக்கம், பழைய காஸ் தொழிற்சாலைக் கழிவைக் கொட்டிக் குவித்த மேட்டில், அப்போது ஒரு செயற்கைப் பனிச்சரிவு இருந்தது. பனி என்று பெயர்தான். பிரஷ்ஷை மல்லாக்கப் போட்டதுபோல பிளாஸ்டிக் முள்ளை விரித்து, அதன்மேல் தண்ணீரைத் தெளித்து விடுவார்கள். சனம் காசு கொடுத்து வந்து, காலில் பலகையைப் பூட்டிக்கொண்டு அதில் சறுக்கி விழும். அங்கே பூட்ஸ் வாடகைக்குக் கொடுக்கிற அறையில்தான் எனக்கு வேலை. வருகிறவர்களின் காலை அளந்து, பூட்ஸ் கொடுத்து, திரும்பி வந்ததும் உள்ளே மருந்து அடித்து அடுக்கவேண்டும். அந்த நாற்றம் வீட்டுக்கு வந்து குளித்தாலும் மூக்கைவிட்டுப் போகாது.

ஸ்னோபோர்ட் பூட்ஸ் விஷயத்தில் எல்லோரும் விடுகிற பிழை ஒன்றுதான். உள்ளே கால் விரல் தாராளமாக ஆடினால் சொகுசு என்று நினைப்பார்கள். ஆடினால் பிழை. நேரே நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைத் தொடவேண்டும். முழங்காலை மடக்கினால் மெல்லப் பின்வாங்கவேண்டும். குதிக்கால் அசையவே கூடாது. குதி எழும்பினால் பலகை சொல்வழி கேளாது. குளிருக்குப் பயந்து இரண்டு சொக்ஸ் போடுவதும் மடத்தனம், மெல்லிய சொக்ஸ் ஒன்று போதும். இதையெல்லாம் நாளெல்லாம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். கேட்கிறவர்கள் குறைவு.

இப்படிக் காலோடு மாரடித்த எனக்கு, எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு சோடிக் கால் கண்ணில் படவில்லை. அது கனகலிங்கத்தின் கால். என் தங்கை டொலறஸின் புருஷன். நாங்கள் வேதக்காரர், மாதா கோயில் ஆட்கள், அவர் சைவம்; இரண்டு பக்கத்தாரையும் எதிர்த்துக் கட்டினவர். அந்த ஒன்றுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதற்காக வாயால் நாலு பேச்சுப் பேசாமல் விட்டதில்லை.

ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். கதிரையில் இருந்து கையெழுத்துப் போட்டுப் பழகின மனுசன். செருப்பைத் தவிர வேறொன்றும் காலில் மாட்டி அறியாதவர். எண்பத்தைந்தில், மாசி மாதக் குளிரில், லண்டனில் வந்து இறங்கினபோதும் காலில் செருப்புத்தான். அகதிகளுக்கு உடுப்புக் கொடுத்த ஒரு மண்டபத்தில் யாரோ போட்டுக் கழித்த கறுப்புச் சப்பாத்து ஒன்று கிடைத்தது. உள்ளே எட்டு என்று அடித்திருந்தது. இரண்டு சொக்ஸ் போட்டு மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் எட்டாம் நம்பர்க்காரர். பிறகு உழைத்துப் புதுச் சப்பாத்து வாங்கப் போன கடையிலெல்லாம் எட்டு என்றுதான் கேட்டார். கொடுத்தார்கள்.

சப்பாத்து தொளதொளவென்று இருப்பதில் அவருக்கு ஒரு வசதியும் இருந்தது. எங்கள் ஆட்கள் ஒருநாளைக்கு எத்தனை தடவை சப்பாத்தைக் கழற்றுகிறோம்? வீட்டு வாசலில் கழற்றவேண்டும், சொந்தக்காரர் வீட்டில் கழற்றவேண்டும், லூயிஷாம் சிவன் கோயிலில் கழற்றவேண்டும். ஒவ்வொரு தடவையும் குனிந்து லேஸ் அவிழ்க்க யாரால் முடியும்? கனகலிங்கம் வாங்கின அன்றைக்கு ஒரு முடிச்சுப் போட்டால், அந்தச் சப்பாத்து தேய்ந்து குப்பைக்குப் போகுமட்டும் அதே முடிச்சுத்தான். காலை உதறினால் கழன்றுவிடும், நுழைத்தால் ஏறிவிடும். கோயில் வாசலில் மற்றவர்கள் குனிந்து மல்லுக்கட்டும்போது அவர் பாதித் தேவாரம் முடித்திருப்பார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

இல்ஃபோர்ட்டில் எங்கள் தெருவில் அவர் வருகிறார் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். டப், டப் என்று குதி அடிக்கும். பெற்றோல் ஸ்டேஷனில் பன்னிரண்டு மணித்தியாலம் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுவிட்டு வருகிற மனுசன். வந்ததும் குசினிக் கதிரையில் இருந்து உப்புப் போட்ட சுடுதண்ணீருக்குள் காலை வைப்பார். பெருவிரல் நகம் கறுத்துக் கிடக்கும். குதி வெடித்து, தோல் உரிந்திருக்கும். டொலறஸ் எண்ணெய் பூசிவிடுவாள். டாக்டரும் பூச்சு மருந்துதான் கொடுத்தார். இந்த நாட்டுத் தரை பொல்லாதது, குளிர் எலும்புக்குள் ஏறுகிறது, நம்முடைய உடம்புக்கு இந்த நாடு சரிவராது என்று சொல்லி மனுசன் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் களைப்பைப் பார்த்தால் எனக்கே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கவேண்டும்போல இருக்கும். சப்பாத்து வாசலிலும் கால் குசினியிலும் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

அவருக்கு ஒரே மகள், கிரிஜா. தகப்பனின் முகம், தகப்பனின் பிடிவாதம், காலும் அச்சொட்டாகத் தகப்பனின் கால். வீட்டில் அவருடைய செருப்பைத்தான் இவள் மாட்டிக்கொண்டு திரிவாள். பள்ளிக்கூடம் விட்டால் என்னோடு வீட்டுக்குப் போகவென்று சரிவுக்கு வந்து காத்திருப்பாள். சும்மா இருக்கிற பிள்ளையா அது? பலகையில் ஏறிப் பழகிவிட்டது. நன்றாகவே பழகிவிட்டது என்று மனேஜர் பீற்றர் சொன்னபோதுதான் நான் வெளியே வந்து பார்த்தேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, கிரிஜாவுக்குப் பதினேழு வயது. மார்கழியில் ஒரு சனிக்கிழமை பீற்றர் பரீட்சை வைப்பதாகச் சொன்னான். வந்து பழகுகிற பிள்ளைகளில் ஒருவரைத் தெரிந்தெடுத்து, ஒஸ்திரியாவுக்கு அனுப்பி, உண்மையான பனியில் பயிற்சி கொடுத்து, சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு எடுக்கப்போகிறார்கள். கிரிஜா அதையே நினைத்துக்கொண்டு திரிந்தாள். வாடகைப் பூட்ஸ் நூறு காலுக்கு வளைந்து கொடுத்தது; சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்று பீற்றர் சொல்லிவிட்டான். கிரிஜாவைக் கூட்டிக்கொண்டு போய், காலை அளந்து, மாட்டி நடக்கவைத்து வாங்கலாம் என்று நான் நினைத்திருந்தேன்.

கனகலிங்கம் முந்திவிட்டார். ஷிப்ட் முடிந்த கையோடு நித்திரையும் கொள்ளாமல், தனியே நடுநகரத்துக் கடை ஒன்றுக்குப் போய், நல்ல விலையில் புதுப் பூட்ஸ் ஒன்றோடு வந்து நின்றார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமல் எப்படி வாங்கினீர் என்று நான் பாய்ந்தேன். ஒரே கால்தானே, தானே போட்டுப் பார்த்தாராம். மூன்று சோடி போட்டுப் பார்த்து, இறுக்கினதுகளைத் தள்ளிவிட்டு, விரல் நல்லாக ஆடுகிற சோடியாகப் பார்த்து எடுத்தாராம். நான் வாய் திறக்குமுன் அவர் சொன்னார்.

“மற்றவன் போட்டுக் கழிச்ச சப்பாத்தைப் போட்டது என்னோடை போகட்டும், அக்கா. என்ரை பிள்ளைக்கு அது வேண்டாம்.”

நான் பெட்டியைத் திறந்து பூட்ஸைக் கிரிஜாவிடம் நீட்டினேன்.

கிரிஜா பூட்ஸை மாட்டி, லேஸை இழுத்துக் கட்டி, ஹோலில் நடந்து காட்டினாள். தகப்பன் கதிரையில் இருந்து கலியாண வீட்டுக்காரர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலை மடக்கு என்று சொல்லிவிட்டு, குனிந்து பூட்ஸுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். குதி கிணற்று வாளிபோல எழும்பி வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் கிரிஜாவுக்கு விளங்கிவிட்டது. என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“சொல்லாதேங்கோ பெரியம்மா. ப்ளீஸ். அப்பா எவ்வளவு ஹாப்பியா இருக்கிறார், பாருங்கோ.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கவேண்டும். கொடுக்கவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குத்தான் கொடுத்தேன். கிரிஜா இரண்டு சொக்ஸ் போட்டுப் பார்த்தாள். முன்பக்கம் பேப்பர் அடைத்துப் பார்த்தாள். அதோடு சரிவில் ஏறிப் பழகினாள். புதன்கிழமை நான் பார்த்துக்கொண்டிருக்கவே, விரல் நுனியில் பாரத்தைப் போட்டுத் திரும்பவேண்டிய இடத்தில் குதி எழும்ப, பலகை தன்பாட்டில் போக, பிள்ளை முகங்குப்புற விழுந்தது. பிளாஸ்டிக் முள் உள்ளங்கையைச் சீவிவிட்டது. இவளுக்கு என்ன நடந்தது என்று பீற்றர் என்னிடம் கேட்டான். எனக்குத் தெரியாது என்று பொய் சொன்னேன். சரிவில் உரஞ்சிய பூட்ஸைக் கடைக்காரன் இனி மாற்றித் தரவும் மாட்டான். பரீட்சைக்கு மட்டும் வாடகைப் பூட்ஸ் போடடி என்றால், அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு பார்க்க வருகிறார், மாட்டேன் என்று அழுதாள்.

சனிக்கிழமை கனகலிங்கம் வந்துவிட்டார். சவரம் செய்து, நெற்றியில் திருநீறு, கோயிலுக்குப் போகிற சட்டை. பகல் ஷிப்டை மாற்றி இரவுக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கிரிஜா பூட்ஸ் அறை மரவாங்கில் குந்தியிருந்து, காயம்பட்ட கையால் லேஸை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவுதான் இழுத்தாலும் பெரிசு பெரிசுதானே. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க ஏலவில்லை. வாக்காவது மண்ணாங்கட்டியாவது. கழற்றடி அதை என்றேன். இரண்டு பேரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

பூட்ஸ் இரண்டு நம்பர் பெரிசு, இதோடு போனால் பிள்ளை விழும், ஒஸ்திரியாவும் இல்லை ஒன்றும் இல்லை என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். கனகலிங்கத்தின் முகம் சுண்டிவிட்டது. கோபிக்கவில்லை. தான் போட்டுப் பார்த்துத்தானே வாங்கினேன் என்று தணிந்த குரலில் சொன்னார். கிரிஜாவைக் கால் அளக்கிற தட்டில் ஏற்றினேன். ஆறு. அவர் லேசாகச் சிரித்தார். தட்டுப் பிழை, எனக்கும் பிள்ளைக்கும் ஒரே கால், நான் எட்டெல்லோ என்றார்.

அப்படியானால் உம்முடைய காலையும் வையும் என்றேன்.

அவர் வழக்கம்போலக் காலை உதறினார். முடிச்சு அவிழாமல் சப்பாத்து கழன்று விழுந்தது. நான் அதைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு சொக்ஸையும் உரித்துவிட்டுத் தட்டில் ஏறினார். நகம் கறுத்த விரல் ஆறில் வந்து நின்றது. மற்றக் காலை வைக்கச் சொன்னேன். அதுவும் ஆறுதான்.

“அப்ப நான் ஆறோ, அக்கா?”

“ஓம் தம்பி. ஆறுதான்.”

வெளியே பீற்றர் பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தான். கனகலிங்கமே எழும்பி, இறாக்கையில் ஆறு என்று எழுதியிருந்த வாடகைப் பூட்ஸ் ஒரு சோடியை எடுத்து மகளின் முன்னால் வைத்தார். இதைப் போட்டுக்கொண்டு ஓடு என்று தலையைத் தடவினார். அவள் போனபிறகு அவர் வாங்கிலேயே இருந்தார். எழும்பிப் போய்ப் பாரும் என்றேன். அவர் தரையில் கிடந்த தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பன்னிரண்டு வருஷமா நான் இந்த நாட்டையெல்லோ பிழை சொல்லிக்கொண்டிருந்தனான்.”

என்ன செய்வதென்று தெரியாமல், இன்னொரு ஆறாம் நம்பர் சோடி எடுத்து, அவர் முன்னால் முழங்காலில் நின்று, ஒற்றைச் சொக்ஸின்மேல் மாட்டிவிட்டேன். வேண்டாம் அக்கா என்று கூச்சப்பட்டார். பேசாமல் இரும் என்று அதட்டினேன். லேஸைக் கீழே இருந்து மேலேவரை இறுக்கிக் கட்டினேன். எழும்பி நின்று முழங்காலை மடக்கினார். பின்னால் விரல் விடப் பார்த்தேன், போகவில்லை.

அப்படியே போய் வேலியோரம் நின்றார். கோயிற் சட்டை, திருநீறு, காலில் பெரிய ஸ்னோபோர்ட் பூட்ஸ். இவரும் சறுக்க வந்திருக்கிறார் என்று சனம் நினைத்திருக்கும். கிரிஜா மேலேயிருந்து இறங்கினாள். புதன்கிழமை விழுந்த இடத்துக்கு வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். திறந்தபோது அவள் திரும்பி முடித்திருந்தாள். எல்லோரும் இறங்கி முடிந்தபிறகு பீற்றர் அவளுடைய பெயரைத்தான் சொன்னான்.

அவள் ஓடிவந்து தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். பிறகுதான் கீழே பார்த்தாள்.

“ஏனப்பா இதைப் போட்டுக்கொண்டு நிக்கிறியள்?”

கனகலிங்கம் ஒஸ்திரியாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல மெல்லச் சொன்னார்.

“கால் நோகேல்லை, பிள்ளை.”

மூடுகிற நேரம் வந்தும் நான் அந்தப் பூட்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை. அவராகவே வந்து வாங்கில் குந்தி, குனிந்து, லேஸை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, இரண்டையும் சேர்த்துக் கவுண்டரில் வைத்தார். மற்றவர்களின் பூட்ஸுக்கு அடிக்கிற மருந்தை நான் அதற்கு அடிக்கவில்லை. திங்கட்கிழமை கடைக்குப் போய் ஆறாம் நம்பரில் ஒரு சப்பாத்து வாங்கவேண்டும், நானும் வருகிறேன் என்றேன். ஓம் என்றார்.

ஆனால் அன்று சனிக்கிழமை. கடைகள் பூட்டியாகிவிட்டது, அவருக்கு இரவு ஷிப்ட் இருந்தது. பழைய சப்பாத்துக்குள்ளே காலை நுழைத்தார், முடிச்சை அவிழ்க்காமலே அது ஏறியது. டப், டப் என்று அந்தச் சத்தம் எனக்கு முன்னால் பஸ் தரிப்பிடம்வரை போனது. கிரிஜா தகப்பனின் கையை விடாமல் பக்கத்தில் நடந்தாள்.